ஒரே ஒரு பொறி வைத்தால் எலி போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் குறிப்பு எழுதுகிறவர்கள் எலித் தொல்லை என்று வந்ததும் "பொறி வைத்துப் பிடியுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்தப் பொறி, எத்தனை பொறி, எங்கே, எப்படி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவதால் என்ன ஆகிறது? ஒருவர் ஒரு பொறி வாங்கி வருகிறார். தட்டு நிறைய இரையை அப்பி, சமையலறை நடுவில் வைத்துவிட்டுப் படுக்கிறார். காலையில் பார்த்தால் இரையைக் காணோம், பொறி விழவே இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, "பொறியெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று பசை அட்டைக்கோ விஷத்துக்கோ போய்விடுகிறார். அந்த இடத்துக்கு அவர் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. இடம் இருந்தால் முழுவதையும் வெளியிட வேண்டுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. சுண்டெலி கருவுற்று 19 முதல் 21 நாளில் ஈன்றுவிடும். ஒரு ஈற்றுக்கு 5, 6 குட்டிகள். அந்தக் குட்டிகள் 6 முதல் 8 வாரத்தில் தாமே இனம் பெருக்கும் நிலைக்கு வந்துவிடும். சாதாரணப் பொறியோ ஓர் இரவில் ஒரு எலியைத்தான் பிடிக்கும். விழுந்தபின் யாராவது மறுபடி ஏற்றி வைக்கும்வரை அது வெறும் பலகை. வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று பிடித்துக்கொண்டிருந்தால் பிறக்கிற கணக்கு பிடிக்கிற கணக்கை முந்திக்கொண்டே இருக்கும். வருடக்கணக்காகப் பொறி வைத்தும் எலி ஒழியாத வீடுகளில் நடப்பது இதுதான்.

இன்னொரு உண்மை, சுண்டெலி தூரம் போகாது. கூட்டிலிருந்து 3 முதல் 9 மீட்டருக்குள் தீனி கிடைத்தால் அதைத் தாண்டிப் போக அதற்கு அவசியமே இல்லை. அந்த வட்டத்துக்கு வெளியே வைத்த பொறியை அது வாழ்நாளில் பார்க்காமலே போகலாம். ஆகவே ஒரு சமையலறைக்கு மட்டும் குறைந்தது 6 பொறி வேண்டும். எலி நடமாட்டம் தெரிகிற சுவர் ஓரங்களில் 2, 3 மீட்டர் இடைவெளியில், எல்லாவற்றையும் ஒரே இரவில் வைக்க வேண்டும். முதல் சில இரவுகளில்தான் அதிகம் விழும். அந்த வாய்ப்பை ஒற்றைப் பொறியோடு வீணடிக்கக் கூடாது.

வாங்கப் போகும் முன் புழுக்கையைப் பாருங்கள். சுண்டெலியின் புழுக்கை 3 முதல் 6 மில்லிமீட்டர், அரிசிமணி போல இரு முனையும் கூர்ந்து, போகிற வழியெல்லாம் சிதறிக் கிடக்கும். சுண்டெலியைவிடப் பெரிதான வீட்டெலியின் புழுக்கை சுமார் 12 மில்லிமீட்டர், நடுவில் தடித்து முனை ஒடுங்கியிருக்கும். ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டி மொத்தமாக இருந்தால் பெருச்சாளி போன்ற பெரிய இனம். ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது பல்லி எச்சம். எலியைத் தேட வேண்டாம். கறுத்து, ஈரமாக, பளபளப்பாக இருக்கும் புழுக்கை புதியது. சாம்பல் பூத்து, தொட்டால் உதிர்வது பழையது. பழையதை மட்டும் பார்த்துவிட்டு அந்த இடத்தில் பொறி வைப்பது வீண்.

இனம் தெரிந்தாக வேண்டியது அளவுக்காக. சுண்டெலியின் எடை 12 முதல் 30 கிராம். வளர்ந்த வீட்டெலி 150 முதல் 250 கிராம் வரை இருக்கும். சுண்டெலிப் பொறி உள்ளங்கை நீளம்தான். அதில் பெரிய எலி தலையை நீட்டினால் மூக்கில் அடி வாங்கிக்கொண்டு உதறிவிட்டு ஓடிவிடும். பிறகு அந்த மாதிரிப் பொருள் எதன் அருகிலும் எளிதில் வராது. பெரிய எலிக்கான பொறியில் சுண்டெலி ஏறினால் அதன் எடைக்குத் தட்டு அசையாமலே போகலாம், அல்லது அடிக்கம்பி அதற்குப் பின்னால் போய் விழலாம். இரண்டும் இருக்கிறது என்று தெரிந்தால் இரண்டு அளவிலும் வையுங்கள்.

மூஞ்சூறைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீண்டு கூர்ந்த மூக்கு, இருக்கிறதா என்று தேட வேண்டிய சின்னக் கண், ஒரு மாதிரியான கடும் வாடை, கீச்கீச்சென்ற குரல். அது எலி இனமே இல்லை. கரப்பானையும் பூச்சிகளையும் தின்று வாழ்கிற பிராணி. துணியைக் கடிப்பதும் மூட்டையைக் குடைவதும் அதன் வேலை அல்ல. பொறியில் மீனோ இறைச்சியோ வைத்தால் மூஞ்சூறு வந்து சாகும். கொட்டைப் பருப்பு வகைகளை வைத்தால் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. இரையைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

இனி எந்தப் பொறி. சுருள்வில் விசையில் கம்பி பாய்ந்து அடிக்கும் பலகைப் பொறிதான் இன்றைக்கும் முதல் தேர்வு. வில்லியம் ஹூக்கர் என்பவர் 1894-ல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படை அன்றைக்கு இருந்தபடியேதான் இருக்கிறது. சரியாக வைத்தால் நொடியில் முடிந்துவிடும். விழுந்ததா இல்லையா என்று தூரத்திலிருந்தே தெரியும். திரும்பத் திரும்ப வைக்கலாம். வாங்கும்போது பார்க்க வேண்டியவை: பலகை தரையில் ஆடாமல் உட்கார வேண்டும், மரம் கோணியிருந்தால் வேண்டாம். அடிக்கம்பி சதுரமாக, கோணலின்றி, பலகையில் முழுமையாகப் படிய வேண்டும். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பென்சிலை வைத்து விட்டுப் பாருங்கள். பென்சிலை எளிதாக உருவ முடிந்தால் வில்லில் வலு இல்லை. துணிக் கிளிப் போல அழுத்தித் திறக்கிற பிளாஸ்டிக் வாய்ப்பொறிகளும் நல்லவையே. விரலுக்குப் பயமில்லை, கழுவலாம், ஈரத்தில் கோணாது. கை நடுக்கம் உள்ளவர்களும் வயதானவர்களும் அதையே வாங்கலாம். பேட்டரியில் ஓடும் மின்பொறியும் உண்டு. சார்ஜ் இறங்கிய பேட்டரியோடு வைத்தால் எலி பாதி உயிரோடு கிடக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கம்பிக் கூண்டு கொல்லாது என்பதால் பலருக்கும் அதுவே பிடிக்கிறது. ஆனால் பெரிய எலிக்கென்று செய்த கூண்டில் கம்பிகளுக்கு நடுவே 12 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் போதும். உள்ளே போய்த் தின்றுவிட்டுப் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். காலையில் கதவு மூடிய கூண்டு காலியாக நிற்கும். கூண்டு வைத்தால் காலையும் மாலையும் பார்த்தே தீர வேண்டும். தண்ணீர் இல்லாமல், வெயில் படும் இடத்தில், பயந்துபோய் ஓடிக்கொண்டே இருக்கும் சின்னப் பிராணி சில மணி நேரத்தில் செத்துவிடும். பிடித்ததை எங்கே விடுவது என்பதும் கேள்வி. பக்கத்தில் விட்டால் திரும்பி வரும். தூரத்தில் விட்டால் அந்த இடம் அதற்குப் புதிது. ஒளியவும் தீனி தேடவும் தெரியாமல் பெரும்பாலும் பிழைக்காது. இன்னொருவர் வீட்டருகே விடுவது எந்த வகையிலும் நியாயம் அல்ல. கருணைக்காகக் கூண்டு வைக்கிறவர்கள் இதையும் யோசித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

பசை அட்டையைத் தயவுசெய்து வாங்காதீர்கள். ஒட்டிக்கொண்ட எலி உடனே சாவதில்லை. மணிக்கணக்கில் இழுத்து, தோல் உரிந்து, காலைத் தானே கடித்து, கத்திக்கொண்டே கிடக்கும். அந்தப் பயத்தில் அது சிறுநீரும் மலமும் கழித்துக்கொண்டே இருப்பதால் வீட்டுக்குள் நோய்க்கிருமி கூடுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்தக் காரணத்துக்காகவே பசைப் பொறியையும் உயிரோடு பிடிக்கும் பொறியையும் பரிந்துரைப்பதில்லை. நியூசிலாந்து 2015 முதல் பசைப் பொறிக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது. வேல்ஸ் 2023-ல் தடை செய்தது. இங்கிலாந்தில் 2022-ல் இயற்றிய சட்டம் 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாத யாரும் அங்கே அதை வைக்க முடியாது. பல்லி, குருவி, பூனைக்குட்டி என்று எது வந்தாலும் ஒட்டிக்கொள்ளும். எங்காவது ஒரு பிராணி ஒட்டிக்கொண்டதைப் பார்த்தால் பிய்த்து இழுக்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, சமையல் எண்ணெயை ஒட்டிய இடத்தில் விட்டுச் சில நிமிடம் ஊறவிட்டு, மெல்லத் தேய்த்தால் பசை இளகிவிடும்.

வீட்டுக்குள் விஷமும் வேண்டாம். ப்ரோமடையலோன் போன்ற, ரத்தம் உறையாமல் செய்கிற மருந்தைத் தின்ற எலி அன்றைக்கே சாகாது, நாட்கள் ஆகும். அதற்குள் சுவர் இடுக்கிலோ பொய்க்கூரை மேலோ போய் ஒடுங்கிவிடும். அங்கே அழுகினால் எடுக்க வழியே இருக்காது, நாற்றம் வாரக்கணக்கில் நிற்கும். தள்ளாடுகிற எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் விஷம் ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தின்பண்டம் போன்ற நிறத்திலும் மணத்திலும் ஒரு விஷத்தைத் தரை மூலையில் வைக்கலாமா? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அதற்கு நிகரான காரியம் அது. நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று சொல்லி விற்கிற, மின்செருகியில் மாட்டும் 'அல்ட்ராசோனிக்' கருவிகளுக்குப் பணம் செலவழிக்கவே வேண்டாம். அந்த ஒலி அலமாரியையும் சுவரையும் தாண்டாது. தாண்டுகிற இடத்திலும் எலி சில நாளில் பழகிவிடும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட விளம்பரங்களுக்காக 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் கூட்டாட்சி வணிக ஆணையம் 2001-லேயே எச்சரித்திருக்கிறது.

இப்போது வைக்கும் இடம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். எலி திறந்த தரையின் நடுவே போவதை வெறுக்கும். மீசையும் பக்கவாட்டு மயிரும் சுவரில் உரசிக்கொண்டே போனால்தான் அதற்குத் தைரியம். தினமும் ஒரே தடத்தில் போகும். பெரிய எலி பழகிய தடத்தில் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு போலக் கறுத்த கோடு விழுந்திருக்கும். சுண்டெலிக்கு அப்படித் தெரியாவிட்டால், சந்தேகப்படும் சுவர் ஓரங்களில் ஒரு சாண் நீளத்துக்கு மாவையோ முகப்பவுடரையோ மிக மெல்லிதாகத் தூவிவையுங்கள். காலையில் விளக்கைப் போடாமல், டார்ச்சைத் தரையோடு சேர்த்துக் கிடையாகப் பிடித்து அடித்தால் சின்னச் சின்னக் கால்தடமும் நடுவே வால் இழுத்த கோடும் தெளிவாகத் தெரியும். அந்தக் கோடுதான் பொறி வைக்க வேண்டிய இடம்.

குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், மோட்டார் சூடு இருப்பதால் எலிக்குப் பிடித்த இடம். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் மூலை, அடுப்பு மேடைக்கு அடியில், துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால், சேமிப்பு அலமாரியின் கீழ்த்தட்டு மூலை, பரண். இவற்றை முதலில் பாருங்கள்.

பலகைப் பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, ஆங்கில 'டி' எழுத்துப் போல வையுங்கள். இரைத்தட்டு இருக்கும் முனை சுவரை முட்டிக்கொண்டு இருக்க வேண்டும். விரல் நுழையும் இடைவெளிகூடக் கூடாது. அப்படி வைத்தால் எலி இடமிருந்து வந்தாலும் வலமிருந்து வந்தாலும் தட்டின் மேல்தான் போயாக வேண்டும். சுவருக்கு இணையாக நீளவாக்கில் வைத்தால், பின்பக்கமாக வரும் எலி ஏற்றிவைத்த அடிக்கம்பியின் மேலேயே ஏறும். கம்பி எழும்பி எலியைத் தூக்கி எறிந்துவிடும். இடம் குறுகலாக இருந்து இணையாகத்தான் வைக்க முடியும் என்றால், இரண்டு பொறிகளை முதுகோடு முதுகு வைத்து, இரைத்தட்டுகள் இரு பக்கமும் வெளியே பார்க்கும்படி வையுங்கள். தடம் நன்றாகத் தெரியும் இடத்தில் இரண்டு பொறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதும் பலன் தரும்; ஒன்றைத் தாண்டிக் குதிக்கிற எலி அடுத்ததில் விழும். தடம் அகலமாக இருந்தால் ஓர் அட்டைப் பெட்டியைச் சுவருக்கு அருகே தள்ளி வைத்து, பொறி அகலத்துக்கு மட்டும் சந்து விடுங்கள்.

இரை. பாலாடைக்கட்டி வேண்டும் என்பது படக்கதைகளில் வருவது. அது காய்ந்ததும் உதிர்ந்துவிடும், எலி ஒரே இழுப்பில் தூக்கிக்கொண்டு போய்விடும். பிசுக்கென்று ஒட்டி, மணம் வீசி, நக்கி நக்கி எடுக்க வேண்டிய பொருள்தான் வேண்டும். அரைத்த நிலக்கடலை விழுது மிகச் சிறந்தது. இளக்கிய சாக்லேட்டும் நல்லது. அளவு? பாதிப் பட்டாணி. அதற்கு மேல் வேண்டாம். சுண்டெலி ஒரு நாளைக்கு மொத்தமாகத் தின்பதே 3 கிராம் அளவுதான். அதையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து தின்னாது. இருபது இடத்தில் இருபது கொறி கொறிக்கும். தட்டு வழிய அப்பினால் ஓரத்தில் தொங்குவதை நக்கிவிட்டு, தட்டை அழுத்தாமலே போய்விடும். குச்சி நுனியால் எடுத்து, தட்டின் மடிப்புக்குள்ளும் அடிப்பக்கத்துக்கும் தேய்த்து ஏற்றுங்கள். எலி தலையை உள்ளே கொடுத்துத் தோண்டி எடுக்க வேண்டும்.

தீனி எங்கும் இறைந்து கிடக்கிற வீட்டில் எந்த இரையும் எடுபடாது. பொறி வைக்கும் நாட்களில் மாவு, தானியம், செல்லப்பிராணியின் தீனி எல்லாம் மூடியுள்ள கண்ணாடி அல்லது தகர டப்பாவுக்குள் போக வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவை அது கடித்துவிடும். எச்சில் பாத்திரம் இரவு தொட்டியில் கிடக்கக் கூடாது. அப்படியும் இரையைத் தொடாவிட்டால் பஞ்சு நூலை எடுங்கள். கூடு கட்டும் பெண் எலி தீனியைவிட நூலுக்கு ஆசைப்படும். ஒரு விரல் நீளப் பஞ்சு நூலைத் தட்டில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். இழுத்தால் பொறி விழும். எறும்பு இரையைக் காலி செய்கிற வீட்டிலும் இதுவே வழி.

பலகைப் பொறியை ஏற்றுவதில் முறை உண்டு. முதலில் இரை, பிறகுதான் ஏற்றுவது. ஏற்றிய பொறியில் இரை வைக்கப் போய்த்தான் விரலில் அடி வாங்குகிறார்கள். பொறியை மேசை மேல் வைத்து, இரைத்தட்டு உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி பிடியுங்கள். அடிக்கம்பியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துப் பலகையோடு அழுத்திக்கொள்ளுங்கள். கம்பி பாய்ந்து விழும் பாதையில் எந்த விரலும் இருக்கக் கூடாது. மற்றக் கையால் பிடிக்கம்பியை, அதாவது பின் முனையில் இருக்கும் மெல்லிய நீளக் கம்பியை, அடிக்கம்பியின் மேலாகக் கொண்டுபோய், அதன் நுனியை இரைத்தட்டின் கொக்கியில் மாட்டுங்கள். இங்கே கவனம் வேண்டும். நுனி கொக்கிக்குள் ஆழமாகப் போனால் எலி நடனமாடினாலும் பொறி விழாது. விளிம்பில் பட்டும் படாமல் நிற்க வேண்டும். கட்டைவிரல் அழுத்தத்தை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். தட்டு சற்றே மேலெழும்பி நின்றால் சரியாக உட்கார்ந்துவிட்டது. பின் முனையைப் பிடித்துத் தூக்கி, பின் முனையாலேயே தள்ளி, தட்டு முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். வாங்கிய புதிதில் ஒருமுறை பென்சில் நுனியால் தட்டை மெல்லத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் பாய வேண்டும். பென்சிலை அழுத்த வேண்டியிருந்தால் கொக்கியின் வாயைக் குறட்டால் சிறிது நிமிர்த்தி, துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

எலி இரவில்தான் உலவும். ஆகவே பொழுது சாய்ந்ததும் வைத்து, விடிந்ததும் முதல் வேலையாகப் பார்த்துவிடுங்கள். பழைய பொறியில் எலி வாடை இருந்தால் வேறு எலி வராது என்று சொல்லிக் கழுவிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. தேவையில்லை, இனத்தின் வாடை எலியை விரட்டுவதில்லை. பூச்சிமருந்து டப்பாவோடு பொறியை வைப்பதுதான் தவறு.

காலையில் பொறி என்ன சொல்கிறது என்று படிக்கத் தெரிய வேண்டும். இரை போய், பொறி விழாமல் நின்றால் இரை அதிகம், அல்லது கொக்கி ஆழம், அல்லது எறும்பும் கரப்பானும். தட்டைச் சுற்றிப் புழுக்கை கிடந்தால் எலிதான் என்று உறுதி. பொறி விழுந்து காலியாக இருந்தால் தரை மேடு பள்ளமாக இருந்து பொறி ஆடியிருக்கும், கதவு அதிர்ந்திருக்கும், அல்லது எலி பின்பக்கமாக வந்திருக்கும். கம்பியில் மயிர் மட்டும் ஒட்டியிருந்தால் வந்தது பெரிய எலி, வைத்தது சின்னப் பொறி. பொறியையே காணவில்லை என்றால் அடிபட்ட எலி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அடுத்த முறை பலகையில் துளையிட்டு மெல்லிய கம்பியால் எதிலாவது கட்டிவையுங்கள். வாலோ காலோ மட்டும் மாட்டியிருந்தால் எலி தட்டை எட்டும் முன்பே பொறி விழுந்திருக்கிறது. தட்டு மிக லேசாக இருக்கிறது, கொக்கியை ஒரு மயிரிழை ஆழமாக்குங்கள். மூன்று இரவு எதுவும் தொடவே இல்லை என்றால் சுண்டெலிக்கு வைத்த பொறியை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம்.

பெரிய எலிக்கு அப்படி மாற்றக் கூடாது. இரண்டுக்கும் சுபாவமே வேறு. சுண்டெலிக்குப் புதுப் பொருள் என்றால் ஆவல். முதல் இரவே வந்து முகர்ந்து பார்க்கும். பெரிய எலிக்குப் புதுப் பொருள் என்றால் சந்தேகம். நேற்று இல்லாத ஒன்று இன்று வழியில் இருந்தால் நாட்கணக்கில் ஒதுங்கிப் போகும். ஆகவே பொறியை ஏற்றாமல், இரையை மட்டும் வைத்து, 4 நாள் முதல் ஒரு வாரம்வரை அப்படியே விட்டுவிடுங்கள். தின்னத் தின்ன மறுபடி வையுங்கள். எல்லாப் பொறியிலும் பயமில்லாமல் தின்னப் பழகிய பிறகு, ஒரே இரவில் அத்தனையையும் ஏற்றுங்கள். இந்தப் பொறுமை இல்லாமல் முதல் நாளே ஏற்றி வைத்து, ஒன்று தப்பிவிட்டால், அந்த எலியை மறுபடி பிடிப்பது பெரும்பாடு. வீட்டெலி ஏறுவதில் கெட்டி என்பதால் தரையில் மட்டும் தேடாதீர்கள். உத்தரம், குழாய், பரண் விளிம்பு என்று அது நடக்கும் உயரத்திலேயே பொறியைக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். கீழே சமைக்கும் இடமோ தண்ணீர்ப் பாத்திரமோ இருக்கக் கூடாது.

குழந்தையோ பூனையோ நாயோ உள்ள வீட்டில் திறந்த பொறி வேண்டாம். செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்து, இரண்டு குறுகிய பக்கங்களிலும் தரையோடு ஒட்டி 3 சென்டிமீட்டர் அகலத்தில் வாசல் வெட்டுங்கள். உள்ளே இரண்டு பொறி, மூடியை நாடாவால் ஒட்டி, நீளப்பக்கத்தைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். மேலே ஒரு செங்கல். இருட்டுப் பொந்து என்பதால் எலிக்கும் அது பிடிக்கும். குழந்தையின் கை வாசலிலிருந்து எட்டாத நடுப்பகுதியில் பொறி இருக்க வேண்டும். எங்கெங்கே எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிவிடுங்கள்.

சில சமயம் அடிபட்டும் உயிர் இருக்கும். அப்படியே விட்டுவிடுவதும், தண்ணீரில் முக்குவதும் கொடுமை. மூழ்கிச் சாக நிமிடக்கணக்கில் ஆகும். தடித்த பைக்குள் பொறியோடு போட்டு, தலையில் கனமான பொருளால் ஒரே அடி. மனதுக்குக் கஷ்டம்தான், ஆனால் அந்தப் பிராணிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும்.

செத்த எலியை வெறும் கையால் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி அதன் சிறுநீரில் இருக்கும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி புழுக்கையில் வரும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம், எலியிடமிருந்து வரும் ஒரு வைரஸ் கருவைப் பாதிக்கக்கூடியது. ரப்பர் கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, எலி மேலும் பொறி மேலும் நனையத் தெளித்து 5 நிமிடம் விடுங்கள். இரண்டு பைகளுக்குள் போட்டு முடிந்து குப்பையில் சேர்த்துவிடலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. உடல் ஆறியதும் அதிலிருக்கும் தெள்ளுப்பூச்சிகள் வேறு உயிரைத் தேடி இறங்கும். புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. காய்ந்த தூசு எழும்பி மூச்சில் போகும். எலியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஹான்டா வைரஸ் பரவும் வழி அது. சன்னல்களை அரை மணி நேரம் திறந்துவைத்து, அதே பிளீச் நீரைத் தெளித்து 5 நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் துடைத்தெடுங்கள். பிளீச்சோடு கழிப்பறை அமிலத்தையோ வினிகரையோ சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும்.

பொறி வைத்த அன்றே ஓட்டை தேடும் வேலையும் தொடங்கட்டும். பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும். கதவுக்கு அடியில் உள்ள இடுக்கு, குழாயும் மின்கம்பியும் சுவருக்குள் போகும் துளை, குளிர்சாதனக் குழாயின் ஓட்டை, சாக்கடைச் சல்லடை ஆகியவற்றைக் கையில் ஒரு பென்சிலோடு சுற்றிப் பாருங்கள். நுரை அடைப்பானை மட்டும் அடித்தால் ஓர் இரவில் குடைந்துவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பளியையோ செம்பு வலையையோ துளைக்குள் இறுகத் திணித்து, அதற்கு மேல் சிமெண்ட் பூச வேண்டும். சாதாரணக் கம்பிக் கம்பளி ஈரத்தில் துருவாகிக் கொட்டிவிடும். காற்றுத் துவாரங்களுக்கு 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்ணுள்ள உலோக வலை. கதவின் கீழ் விளிம்பில் தகரப் பட்டை அடித்து இடுக்கைக் குறைக்கலாம். எந்தத் துளை பயன்பாட்டில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் மாலையில் ஒரு காகித உருண்டையை அதில் லேசாகச் செருகிவையுங்கள். காலையில் உருண்டை தரையில் கிடந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும்.

ஒன்று விழுந்ததும் பொறிகளை எடுத்துப் பரணில் போட்டுவிடாதீர்கள். தொடர்ந்து இரண்டு வாரம் எல்லாப் பொறியும் காலியாக, புதுப் புழுக்கை எதுவும் இல்லாமல் இருந்தால்தான் எடுக்கலாம். எடுக்கும்போதும் குழாய் மூலையில் ஒன்றும் வெளிக்கதவு ஓரத்தில் ஒன்றும் ஏற்றியபடியே இருக்கட்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை பொறியை இறக்கி, இரையை மாற்றி, மறுபடி ஏற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
எலிக் கட்டுப்பாட்டுப் பணியில் இருக்கும் வாசகர்கள்